தமிழ் பேசும் ஊர்தான், ஆனாலும் வெளிநாடு

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ராமேஸ்வரத்துக்குப் பஸ்ஸில் போனால் அதைவிட நேரமாகும். துவாக்குடி, திருவெறும்பூர்ப் பக்கம் பாய்லர் வேலை தெரிந்தவர்களுக்கு மலேசியச் செம்பனை எண்ணெய் (நம் பாமாயில்தான்) ஆலைகளிலிருந்து அவ்வப்போது அழைப்பு வரும். ட்யூப் மாற்ற வேண்டும், டிரம்மை, அதாவது தண்ணீரும் நீராவியும் நிற்கிற பெரிய உருளையை, திறந்து பார்க்க வேண்டும், உள்ளே செங்கல் சுவர் சரிந்துவிட்டது என்று ஏதாவது ஒன்று இருக்கும். நான் போகிற ஆலைகளில் பாதிக்கு மேல் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா என்ற சின்ன ஊரைச் சுற்றி இருப்பவை. புதிதாகக் கிளம்புகிற பையன்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007இல் வந்தது. அதற்கு முன்னால் பத்தாங் பெர்ஜுந்தை. வயதானவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். சீனர்களின் ஹார்டுவேர் கடைகள், தமிழர்களின் சாப்பாட்டுக் கடைகள், பள்ளிவாசல், கோயில், ரெண்டு மூன்று வங்கிகள், அதைத் தாண்டினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனை. ஒரு காலத்தில் இங்கே வெள்ளீயம் எடுத்தார்கள். தண்ணீரில் மிதக்கும் பெரிய கப்பல் மாதிரி இயந்திரங்கள் மண்ணை அள்ளிச் சலித்துத் தள்ளின. அவை விட்டுப்போன பள்ளங்கள் எல்லாம் இப்போது ஏரிகள். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

பக்கத்தில் தென்னமரம் என்று ஓர் எஸ்டேட் இருக்கிறது. மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் அது தென்னமரம்தான். மலேசியாவில் செம்பனையை வியாபாரப் பயிராக முதன்முதலில் நட்டது அங்கேதான். ஆண்டு 1917, நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நம் ஊர் ரேஷன் கடையில் பாக்கெட்டில் வாங்குகிற பாமாயிலின் கதை, மலேசியாவைப் பொறுத்தவரை, தமிழ்ப் பெயர் வைத்த ஒரு தோட்டத்தில் ஆப்பிரிக்க மரம் ஒன்றை நட்டதில் தொடங்குகிறது. இதை நான் பாய்லர் அறையில் ஒரு சார்ஜ்மேன் (மின்சாரப் பொறுப்பாளர்) சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் எல்லாமே சுலபமாக இருக்கும். சிக்கலே அங்கேதான். வண்டியில் ஏறினால் மின்னல் எஃப்எம் தமிழில் பாடுகிறது. கடையில் தோசை கேட்டால் தோசை வருகிறது. ஆலைக்குள் ஃபிட்டரிடம் ஸ்பேனரைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். சாயங்காலம் எங்கோ உடுக்கைச் சத்தம் கேட்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு, என்னோடு வருகிற வெல்டர் பையன்கள் யாராவது ஒருவன் தவறாமல் சொல்வான்: “நம்ம ஊர் மாதிரியே இருக்குண்ணே.” அதே பையனைக் கொரியாவுக்கு அனுப்பினால் ஒவ்வொரு போர்டையும் படிப்பான், ஒவ்வொரு விதியையும் ரெண்டு தடவை கேட்பான். இங்கே தமிழ் காதில் விழுந்ததும் கேட்பதை நிறுத்திவிடுகிறான். நான் சொல்ல வருவது எல்லாமே இதைச் சுற்றித்தான்.

முதலில் காகிதம். இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் முப்பது நாள் வரை மலேசியாவுக்குள் போகலாம் என்ற சலுகை வந்தது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அது சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்களுக்கும். பாய்லருக்குள் இறங்கி வேலை பார்க்க அது செல்லாது. நம்மைப் போல் வெளிநாட்டுக் கம்பெனியின் சம்பளத்தில் இருந்துகொண்டு கொஞ்ச காலத்துக்கு அங்கே தொழில்நுட்ப வேலை செய்பவர்களுக்கு, தொழில்முறை வருகைக்கான தனி அனுமதி இருக்கிறது. அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். அழைக்கிற ஆலையோ அதன் ஒப்பந்தக்காரரோ அங்கே விண்ணப்பித்து வாங்க வேண்டும். “சும்மா டூரிஸ்ட்டா வந்துருங்க, பத்து நாள் வேலைதானே, யார் பார்க்கப் போறா” என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். எஸ்டேட் பகுதிகளில் குடிநுழைவுத் துறைச் சோதனை அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம் இருக்கிற இடமே அதுதான். பிடிபட்டால் தடுப்பு முகாமில் உட்காருவது நீங்கள், அப்படிச் சொன்னவர் இல்லை.

அடுத்தது கடவுச்சீட்டு. ஒருமுறை வேலை எடுத்துக் கொடுத்த ஒப்பந்தக்காரர், வந்து இறங்கிய அன்றே எல்லோருடையதையும் வாங்கி லாக்கரில் வைக்கப் பார்த்தார். பாதுகாப்புக்காம். பேச்சு முழுக்கத் தமிழ், அதுவும் “தம்பி, தம்பி” என்று. நாங்கள் கொடுக்கவில்லை. அந்த நாட்டின் 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டப்படி இன்னொருவரின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதே குற்றம். அதைச் சிரித்த முகத்தோடு சொன்னால் போதும், கை பின்னால் போய்விடும். நகல் கொடுங்கள், அசல் உங்கள் பையில் இருக்கட்டும். ஆலையை ஒட்டிய தோட்டத்தில் வேலைக்கு வந்திருக்கிற வங்காளதேசத்துப் பையன்களுக்கு இதைச் சொல்ல யாருமில்லை. பலரிடம் அசல் கையில் இல்லை என்பதைப் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். செம்பனை ஆலை நம் ஊர்ச் சர்க்கரை ஆலைக்கு அண்ணன் தம்பி. அங்கே கரும்புச் சக்கை எரிகிறது, இங்கே பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சுகிற நாரும் கொட்டை ஓடும் எரிகின்றன. பாய்லரிலிருந்து வருகிற நீராவி முதலில் டர்பைனைச் சுற்றி மின்சாரம் கொடுக்கும். வெளியே வரும்போது ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் இருக்கும் அதே நீராவிதான் பழக்குலைகளை வேகவைக்கப் போகிறது. ஆலைக்கு வெளியிலிருந்து எரிபொருள் வாங்கத் தேவையில்லை. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவன் அரை நாளில் வழி கண்டுபிடித்துவிடுவான்.

ஆனால் அவசரம் வேறு மாதிரி. குலையை வெட்டிய நிமிஷத்திலிருந்து பழத்துக்குள் இருக்கிற நொதி எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக. அப்படி உடைந்தால் கொழுப்பு அமிலம் ஏறும், எண்ணெயின் விலை இறங்கும். கச்சா எண்ணெயில் அது ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான பேச்சு. அதனால் வெட்டிய இருபத்து நாலு மணி நேரத்துக்குள் குலைகள் நீராவிக்குள் போக வேண்டும். அந்தச் சூட்டில்தான் நொதி சாகும், பழமும் காம்பை விட்டுக் கழன்று வரும். பாய்லர் நின்றால் நீராவி இல்லை, மின்சாரமும் இல்லை. வெளியே வலை போட்டு மூடிய லாரிகள் வரிசையாக நிற்கத் தொடங்கும். எஸ்டேட் லாரி என்றால் கம்பெனி பார்த்துக்கொள்ளும். அஞ்சு ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கிற சின்ன விவசாயி தன் வாடகை லாரியோடு வந்து நிற்பார். அவருக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் காசு. ட்யூப் கசிவைச் சரிசெய்கிறவன் கேட்டுக்குப் போய் அந்த வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால், ஆலை மேலாளர் ஏன் அரை மணிக்கு ஒரு தடவை வந்து நிற்கிறார் என்பது புரியும்.

அந்த அவசரத்திலும் அவர்கள் விடாத ஒன்று இருக்கிறது. டிரம்முக்குள் இறங்க வேண்டுமென்றால், மூடிய இடத்துக்குள் நுழைவதற்கான பயிற்சிச் சான்று உங்களிடம் இருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். காற்றைச் சோதித்து எழுதி வைத்திருக்க வேண்டும். வெளியே இதே பயிற்சி எடுத்த இன்னொருவர் நிற்க வேண்டும். நம் ஊரில் அனுபவசாலி மேஸ்திரி ஒருவர் கையை உள்ளே விட்டுப் பார்த்து “எறங்குடா” என்பார். அவருடைய அனுபவத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது அங்கே நடக்காது, நடக்கவும் கூடாது. பயிற்சிக்கு முன்கூட்டியே இடம் பதிவு செய்யாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால், தினப்படி கொடுத்து அறையில் உட்கார வைக்க வேண்டியதுதான்.

வெல்டர்களுக்கும் இதே கதை. நம் ஊர் பாய்லர் விதிகளின்படி வாங்கிய சான்று அங்கே நேரடியாகச் செல்லாது. அங்கே பாய்லர்களைக் கண்காணிப்பது தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. பாய்லருக்குத் தகுதிச் சான்று கொடுப்பதும், பதினைந்து மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதுப்பிப்பதும் அவர்கள் பொறுப்பில்தான். அழுத்தம் தாங்குகிற பாகத்தில் யார் வெல்டு வைக்கலாம் என்பதும் அவர்கள் கையில். ஆகவே நம் பையன்களை மேற்பார்வைக்கும் ட்யூப் விரிக்கிற வேலைக்கும் வைத்துக்கொண்டு, வெல்டிங்கை உள்ளூர் ஆளிடம் விடுவதுதான் நடைமுறையில் சரிவருகிறது. இதில் நம்மவர்களுக்குக் கொஞ்சம் ரோஷம் வரும். வரட்டும். உள்ளூர் வெல்டர்களில் தமிழ்ப் பையன்கள் நிறையப் பேர், கை சுத்தமாக இருக்கும்.

தமிழ் போதும் என்று நினைக்கக் கூடாத இடம் எச்சரிக்கைப் பலகை. ஆலையில் எல்லாப் பலகையும் மலாயில்தான். ‘ஆவாஸ்’ என்றால் ஜாக்கிரதை, ‘பஹாயா’ என்றால் ஆபத்து, ‘பானாஸ்’ சூடு, ‘கெலுவார்’ வெளியே போகும் வழி. இவற்றை விமானத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள். ரேடியோவில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர் கத்துவதும் மலாயில்தான் இருக்கும், அவர் தமிழராகவே இருந்தாலும். கேட்கிற ஆட்களில் இந்தோனேசியர், நேபாளி, வங்காளதேசத்தவர் எல்லோரும் இருக்கிறார்களே.

நேரம் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 1982 ஜனவரி 1 அன்று மேற்கு மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, கிழக்கே போர்னியோவில் இருக்கிற மாநிலங்களோடு சேர்ந்துகொண்டது. அதனால் ஆறரை மணிக்கும் வெளியே இருட்டு, ஏழுக்கு மேல்தான் வெளிச்சம். மாலையும் ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும். திருச்சியில் ஆபீஸ் திறக்கிற ஒன்பதரை மணிக்கு அங்கே மதியம் பன்னிரண்டு. காலையில் ஏழு மணிக்கு டிரம்மைத் திறந்து ஒரு அளவு சந்தேகமாக இருந்தால், கேட்பதற்கு ஊரில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வரைபடம் எல்லாவற்றையும் முந்தைய நாளே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் உள்பக்கத்தில் சிக்னலை நம்ப முடியாது.

மதியம் மூன்று, நாலு மணிக்கு மழை. இடியோடு வரும் மழை, கொட்டித் தீர்த்துவிட்டு நின்றுவிடும். இடி இருக்கும்போது கிரேன் இயங்காது, புகைபோக்கிப் பக்கம் யாரையும் ஏற விட மாட்டார்கள். வெளிவேலையைக் காலையிலேயே முடிக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். காற்றில் ஈரம் அதிகம், அதனால் வெல்டிங் ராடு பெட்டியைத் திறந்து வைத்தால் அன்றைக்கே கெட்டுவிடும். ராடு சூடேற்றும் அடுப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இருட்டிய பின் செம்பனை மரங்களுக்கு நடுவே நடக்க வேண்டாம். பழத்தைத் தின்ன எலி வருகிறது, எலியைத் தின்னப் பாம்பு வருகிறது, நாகம் உட்பட. தோட்டத்துக்குள் கம்பங்களின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்க்கலாம். புறா வளர்க்கிறார்கள் என்று நினைத்தான் எங்களோடு வந்த ஒருவன். அது கூகைக்கு வைத்த வீடு. எலி பிடிப்பதற்காகக் கூகையைக் கூப்பிட்டுக் குடிவைக்கிறார்கள், விஷம் வைப்பதைவிடச் செலவு குறைவு. நம் ஊரில் கூகை வீட்டு மேல் உட்கார்ந்தால் பரிகாரம் கேட்டு ஓடுவோம். இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1981 வரை இந்த மரங்களுக்கு மகரந்தத்தைக் கையால் தூவிக்கொண்டிருந்தார்கள், எஸ்டேட் பெண்கள் பலர் செய்த வேலை அது. அந்த ஆண்டு கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆப்பிரிக்காவில் இதே மரத்தின் பூவில் வாழ்கிற வண்டு. விளைச்சல் ஏறியது, கையால் தூவுகிற வேலை காணாமல் போனது. வண்டு வந்து ஒரு வேலையைப் பறித்ததைச் சொல்லும்போது அந்த வேலை பார்த்த அம்மா ஒருவர் சிரித்தார். “நல்லவேளை, அந்தப் பொடி மூக்குல ஏறும் தம்பி” என்றார்.

அந்த அம்மாவைச் சந்தித்தது ஊரில் ஒரு ஒட்டுக்கடையில். காலையில் போனால் “பசியாறியாச்சா?” என்றுதான் கேட்பார். நாங்கள் வந்த இடத்தைச் சொன்னதும், “ஊர்லேருந்தா? ஊர்ல எங்க?” என்றார். திருச்சி என்றேன். “தொட்டியம் தெரியுமா? எங்கப்பா அந்தப் பக்கம்தான். சாமித் தேரைத் தோள்ல தூக்குவாங்களாமே, இப்பவும் தூக்குறாங்களா?” தொட்டியத்தில் இருக்கிற மதுரை காளியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழாவைத்தான் கேட்கிறார். தூக்குகிறார்கள் என்றேன். போனில் இருந்த வீடியோவைக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். “கூட்டம் ரொம்ப. நம்மால அங்கெல்லாம் போக முடியாதுப்பா, முட்டி வலி” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு ரொட்டி சானாய் போடப் போய்விட்டார். நான் இன்னும் கொஞ்சம் உருக்கமாக எதிர்பார்த்தேன் போல. அவருக்கு அது அப்பாவின் ஊர். அவருடைய ஊர் இது.

இங்கே வருகிற நம்மவர்களிடம் எனக்குப் பிடிக்காத ஒரு பழக்கம் உண்டு. அங்கே இருக்கிறவர்களைப் பார்த்து, “பாவம், நம்ம ஜனங்க, இங்க வந்து மாட்டிக்கிட்டாங்க” என்ற தொனியில் பேசுவது. மூன்று, நாலு தலைமுறையாக அந்த நாட்டுக் குடிமக்கள் அவர்கள். ஓட்டுப் போடுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நாடு முழுக்க 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அரசுக் கல்வி முறைக்குள்ளேயே இயங்குகின்றன. கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. எஸ்டேட் வாழ்க்கையின் பெரிய வலி வீடு. லயம் என்கிற வரிசை வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால், நிலம் கைமாறினால், ரப்பரை வெட்டிவிட்டுக் குடியிருப்புத் திட்டம் வந்தால், அப்பா அம்மா வாழ்ந்த வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பெரும்பாலானோர் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குத் தோட்டத்தில் குலை வெட்டுவது அதிகமும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம்மவர்கள் ஆலைக்குள் சார்ஜ்மேன், ஃபிட்டர், பாய்லர்மேன், எழுத்தர் என்று இருக்கிறார்கள். இதையெல்லாம் அவர்கள் தங்கள் அரசாங்கத்திடம் சண்டை போட்டுப் பேசுகிற விஷயமாகப் பார்க்கிறார்கள். வந்துபோகிற நாம் உச்சுக்கொட்டுவதை யாரும் கேட்கவில்லை.

அந்தச் சண்டைக்குப் பழைய வரலாறும் இருக்கிறது. 1941இல் இதே சிலாங்கூரில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று: துரையோ கிராணியோ (எஸ்டேட் எழுத்தர்) எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடுகடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச்சூடும் நடந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஆலையில் வயதான ஃபிட்டர் ஒருவர் மேலாளர் வண்டி வரும்போது தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவதை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினேன். ஒருவேளை அவர் சும்மா அவசரமாகப் போயிருக்கலாம்.

பேச்சில் இன்னொரு கவனம். இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் பற்றி வெளியாள் கருத்துச் சொல்ல வேண்டாம். அவர்களே பேசுவார்கள், காரசாரமாக. நாம் கேட்டுக்கொள்ளலாம். கூப்பிடுவது எப்படி என்பதையும் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழர்களிடம் அண்ணே, அக்கா சரிதான். மலாய்க்காரரில் வயதில் பெரியவரை ‘ஆபாங்’, பெண்ணை ‘காக்’. சீனக் கடைக்காரர் ‘தவுக்கே’. ஹார்டுவேர் கடையில் போல்ட் நட்டு எடுத்துக் கொடுக்கிற தவுக்கே தமிழில் எண்ணிக் கொடுப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எஸ்டேட் ஆட்களோடு அத்தனை வருஷம் வியாபாரம்.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுகிறவனுக்குக் கவலையே இல்லை. சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது சம்பல். பார்த்தால் மிளகாய்த் துவையல் மாதிரி இருக்கும், உள்ளே பெலாச்சான் என்கிற இறால் விழுது போட்டிருப்பார்கள். நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி வெளியே தெரியும், எடுத்து வைத்துவிடலாம். பெலாச்சான் தெரியாது. கீரைப் பொரியலிலும் அது வரும். கீரைதானே என்று நம்ப வேண்டாம், தமிழ்க் கடையில் சைவம் என்று கேட்டு வாங்குங்கள். செவ்வாய், வெள்ளியில் பல தமிழ்க் கடைகளில் சைவம் நன்றாக இருக்கும். சீனர்களின் சைவக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. தேநீரில் கெட்டிப் பால் ஊற்றுவார்கள், சர்க்கரை தூக்கலாக இருக்கும். ‘குராங் மானிஸ்’ என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். பாலே வேண்டாம் என்றால் ‘தே ஓ’, சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘தே ஓ கோசோங்’. சர்க்கரை நோய் உள்ள நம் மேஸ்திரிகளுக்கு இந்த மூன்று சொல்லும் மருந்துச் சீட்டுக்குச் சமம்.

பணம், போக்குவரத்து பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டணத்தில் எல்லாம் போனில் கியூஆர், எஸ்டேட் கடைகளில் கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) கையில் இருப்பது நல்லது. சிம் வாங்கக் கடவுச்சீட்டு வேண்டும். போனில் கூப்பிடுகிற கிராப் வாடகை வண்டி பகலில் ஊருக்குள் கிடைக்கும், ராத்திரி ஆலையிலிருந்து கூப்பிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். ஷிஃப்ட் முடிந்து அறைக்குப் போக வண்டி யார் ஏற்பாடு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். மின்சாரம் நம்முடையதைப் போல்தான், ஆனால் ப்ளக் சதுர முள் மூன்று உள்ள பிரிட்டிஷ் வகை. காய்ச்சல் வந்தால் ஊர் கிளினிக்கில் அன்றைக்கே காட்டுங்கள். டெங்கு அங்கே சாதாரணம், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு டிரம்முக்குள் இறங்குகிற வீரம் வேண்டாம்.

விடுமுறை நாட்களைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயணத் திட்டம் அதில்தான் கவிழ்கிறது. செம்பனையில் பழம் குறைவாக வருகிற மாதங்கள் ஜனவரி, பிப்ரவரி. அதிகம் வருவது ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. அதனால் ஆலைகள் பாய்லரை நிறுத்திப் பெரிய வேலை செய்வது வருஷத் தொடக்கத்தில். அதே நேரத்தில்தான் தைப்பூசம் வருகிறது. சிலாங்கூரில் அது அரசு விடுமுறை. தமிழ் ஃபிட்டர்கள் பாதிப் பேர் பத்துமலைக்குக் காவடி எடுக்கப் போய்விடுவார்கள், மீதிப் பேர் அவர்களோடு போவார்கள். அடுத்து சீனப் புத்தாண்டு. ரெண்டு நாள்தான் விடுமுறை என்று காலண்டர் சொல்லும். ஆனால் ஹார்டுவேர் கடை, லேத் பட்டறை, கிரேன் வாடகைக்காரர் எல்லோரும் ஒரு வாரம், சிலர் அதற்கு மேலும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் நல்ல நேரம் பார்த்துத் திறக்கிறவர்களும் உண்டு. நோன்பு மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது, இப்போது அதுவும் இந்தக் காலத்தில் விழுகிறது. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17, அது வந்த ஓரிரு நாளிலேயே நோன்பும் தொடங்கிவிட்டது.

ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மூன்று சமூகத்தின் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கேஸ்கட் ஷீட், ஆர்கான் சிலிண்டர், கிரைண்டிங் வீல், தீச்செங்கல், சிமெண்ட் எல்லாம் புத்தாண்டுக்கு முந்தைய வாரமே ஆலை ஸ்டோரில் இருக்க வேண்டும். பாய்லர் ஆய்வுக்கு அதிகாரி வருகிற தேதியை நோன்புக்கு முன்னால் வாங்க முடிந்தால் வாங்குங்கள். நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்கள் வேலை செய்யாமல் இல்லை, ஆனால் மதியத்துக்குப் பிறகு கனமான வேலையைக் கொடுக்காமல் இருப்பது முறை. கேன்டீனில் தண்ணீர் குடிக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள், அவர்கள் முன்னால் உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் போதும். சாயங்காலம், நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னாலேயே, ஊர்ச் சந்தையில் பலகாரக் கடைகள் நிறைந்திருக்கும். வறுத்த வாழைப்பழம் கட்டாயம் வாங்கிச் சாப்பிடுங்கள்.

திரும்பி வரும்போது பெட்டி எடையில் பாதி ட்யூப் எக்ஸ்பாண்டரே எடுத்துக்கொள்ளும். அதைக் கைப்பையில் விட மாட்டார்கள், செக்-இன் பெட்டிக்கு முன்கூட்டியே எடை வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற இடத்துக்கு வீட்டில் பட்டியல் தயாராக இருக்கும்: மைலோ, பிஸ்கட் டின், கோடாலித் தைலம். கோடாலித் தைலம் திருச்சி பர்மா பஜாரிலேயே கிடைக்கிறது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அங்கிருந்து வந்ததுதான் வேலை செய்யும் என்கிறார் என் மாமியார். அதனால் அதையும் வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பயணம் கணக்கில் சேராது.